தூக்குக்குண்டு

அக்டோபர் 30, திங்கள்

இது என் வீட்டுக்காரருடைய டைரி. பட்டறைக்கு வருகிற ஏர்கன்களை எல்லாம் இதில்தான் எழுதிவைப்பார். யாருடையது, என்ன கோளாறு, யார் வேலை என்று மூன்றே விஷயம். செப்டம்பர் பதினொன்றோடு நிற்கிறது. அன்றைக்கு எழுதியிருப்பது: "ரெஜினா டீச்சர். டெலஸ்கோப் பின்னால் நகர்கிறது. து."

து. என்றால் நான், துளசிமணி. ஸ்பிரிங், வாஷர், கட்டை எல்லாம் அவர் வேலை. டெலஸ்கோப் பொருத்துவது மட்டும் என் வேலை. அதை எழுதிவிட்டு மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தவர்தான், மாரடைப்பு. ஆம்புலன்ஸ்காரர் "நாச்சிமுத்து அண்ணா, நாச்சிமுத்து அண்ணா" என்று கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அவர் போய் நாளையோடு ஐம்பது நாள்.

து. போட்ட வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன டிக் போட்டிருக்கிறார். அவர் செய்த வேலைகளுக்கு டிக் இல்லை. எதற்கென்று தெரியவில்லை. அவர் வழக்கம் அவருக்கு.

இன்றுதான் பட்டறையைத் திறந்தேன். பெருக்கினேன். டீச்சருடைய துப்பாக்கியை எடுத்தேன். ஸ்பிரிங் வைத்த ஏர்கன் சுடும்போது முன்னால் ஒரு உதை, பின்னால் ஒரு உதை விடும். டெலஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கும் வளையம் கொஞ்சம் தளர்ந்தாலும் அது மெதுவாகப் பின்னால் நகர்ந்துவிடும். ஸ்டாப்பர் ஊசியைத் துளையில் இறக்கி, ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி முடுக்கினேன். பின் வளையத்துக்கு அடியில் பழைய கேமரா ஃபிலிம் ஒரு துண்டு வெட்டி வைத்தேன்.

உள்ளே தெரிகிற பிளஸ் கோடு நேராக நிற்கிறதா என்று பார்க்க மற்ற இடங்களில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அந்த நூலோடு கோட்டைச் சேர்த்துப் பார்ப்பார்கள். நூல் கட்டுவது கொத்தனார் வேலை என்று நான் கேலி செய்வேன். துப்பாக்கியை மேசையில் இருக்கும் வைஸில் இறுக்கிப் பிடித்து, ரசமட்டம் வைத்துவிட்டு, வலது கண்ணால் ஒரு பார்வை பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். "எங்க வூட்டம்மா கண்ணே ரசமட்டமுங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் அளப்பார்.

டீச்சருடைய கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. திருப்பி நேராக்கினேன். கொல்லைச் சந்தில் பத்து மீட்டரில் ஐந்து குண்டு சுட்டேன். கிட்டத்தட்ட ஒரே ஓட்டை.

இந்த டைரியின் கோடுகள் நடுவில் நெளிகின்றன. மலிவுத் தாள்.

அக்டோபர் 31, செவ்வாய்

ஐம்பது நாள். இட்லி. பட்டறை. குளியல். ஒன்றும் தோன்றவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

மவுண்ட் வளையங்கள் வைத்திருக்கும் இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். அடியில் தூக்குக்குண்டும் நூல்கண்டும் கிடந்தன. அவற்றுக்கும் அடியில் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டைகள், பதினோரு அட்டை. எல்லாம் காலி.

பதினோரு அட்டை மாத்திரையை ஒரு மனிதர் என் கண் முன்னால் தின்றிருக்கிறார். நான் பார்க்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தார்? கோபம் வந்தது. இத்தனை நாளில் வந்த ஒரே உணர்ச்சி அதுதான். அதுவும் பத்து நிமிடத்தில் போய்விட்டது.

ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து இந்துமதி கூப்பிட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்டாச்சு சாமி."

"ஒடம்பு?"

"நல்லாருக்குது."

மகளிடம் மாத்திரை அட்டைகளைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

நவம்பர் 6, திங்கள்

ரெஜினா டீச்சர் திரும்பக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை, நாற்பது வயதுக்குள் இருக்கும். துப்பாக்கிக்கு வெளியே எதையும் அதிகம் பேசமாட்டார்.

"பத்து மீட்டர்ல சரியாத்தான் இருக்குதுங்க்கா. இருபத்தஞ்சுல வலது பக்கம் ஒதுங்குது. சுண்டுவிரல் அகலம் இருக்கும்."

டிசம்பர் பத்தாம் தேதி கிளப்பில் டெலஸ்கோப் வைத்துச் சுடும் போட்டி. போன வருடம் டீச்சர் இரண்டாவது. இந்த வருடம் விடக்கூடாது என்று பள்ளிக்குப் போகும் முன்பே போய்ச் சுட்டுப் பழகுகிறாராம்.

கோளாறு எனக்குத் தெரிந்ததுதான். பிளஸ் கோடு சாய்ந்திருந்தால் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. தூரம் போகப்போகக் குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும். ஆனால் நான் நேராகத்தானே வைத்தேன்? மறுபடி பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. உதையில் திரும்பியிருக்கும். நேராக்கி, ஸ்க்ரூவுக்குப் பசை வைத்து இறுக்கிக் கொடுத்தேன்.

நவம்பர் 9, வியாழன்

பொள்ளாச்சித் தோப்புக்காரர் துப்பாக்கியும் திரும்பி வந்தது. பல் டாக்டருடையதும். இரண்டும் போன வாரம் நான் பொருத்தியவை. இரண்டிலும் ஒரே புகார், வலது பக்கம்.

இந்தத் தடவை வந்த மவுண்ட் லாட்டே சரியில்லை. வேறு கம்பெனியில் ஆர்டர் போட்டேன்.

காலையில் டம்ளருக்கு வெளியே டீயை ஊற்றிவிட்டேன். துடைத்தேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நமக்கு இந்த வருடம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நவம்பர் 14, செவ்வாய்

புது மவுண்ட் வந்தது. டீச்சருடையதும் மறுபடி வந்திருந்தது; மூன்று துப்பாக்கிக்கும் மாட்டினேன். மூன்றிலும் கோடு சாய்வு. மூன்றையும் நேராக்கினேன். இப்போதெல்லாம் டெலஸ்கோப் செய்கிறவர்களுக்கு உள்ளே ஒரு கோட்டைக்கூட நேராகப் போடத் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் கம்பெனிக்குப் போன் போட்டுப் பிடிபிடியென்று பிடித்திருப்பார்.

எனக்குக் கோபப்படவும் சோம்பலாக இருக்கிறது.

நவம்பர் 19, ஞாயிறு

இந்துமதி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். டிவி பார்க்கும்போது, "ஏம்மா தலையச் சாச்சே பாக்கற?" என்றாள். கழுத்து வலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டாள். வலிக்காத கழுத்தில் தைலம் எரிந்தது.

நவம்பர் 23, வியாழன்

டீச்சர் மூன்றாம் முறை. துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, "அதே மாதிரிதானுங்க்கா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

"உங்க கன்னம் கட்டையில ஒரே எடத்துல உக்காருதுங்களா டீச்சர்? கண்ணு தள்ளி இருந்தா குண்டும் தள்ளித்தான் போகும்" என்றேன்.

பத்து வருடமாகச் சுடுகிறவரிடம் இப்படிக் கேட்டது தப்பு. அவர் முகம் சுருங்கியது. "பாத்துக்கறனுங்க்கா" என்றார். போகும்போது சுவரில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் ஆணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது.

நான் அடித்த ஆணி இல்லை அது.

நவம்பர் 26, ஞாயிறு

கார்த்திகை. விளக்கு வைக்கவில்லை. தெருவில் எல்லா வாசலிலும் வரிசையாக வைத்திருந்தார்கள். வரிசை நடுவில் உள்வாங்கி இருந்தது. தெரு மேடுபள்ளம்.

நவம்பர் 29, புதன்

தினக்காலண்டரில் தாளைக் கிழித்துவிட்டுத் தேதியைப் பார்த்தேன். இடது கண்ணில் தூசி விழுந்து, அதை மூடிக் கசக்கிக்கொண்டிருந்தேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி இருந்தது. ஓரத்தில் இருக்கும் நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் தெரிந்தது. தேதி மட்டும் இல்லை.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடி பழசு. மாற்ற வேண்டும். டீச்சர் போட்டி முடியட்டும்.

நவம்பர் 30, வியாழன்

"நல்லாருக்கியாம்மா?"

"நல்லாருக்கேன்."

டிசம்பர் 2, சனி

டீச்சர் நான்காம் முறை வந்தார். இந்தத் தடவை துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேற யாருகிட்டயாவது குடுத்துப் பாருங்க டீச்சர். எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல" என்றேன்.

"வேற எங்கயும் போகலீங்க்கா. நீங்க இப்ப பொருத்துங்க. நான் இருக்கறேன்."

பொருத்தினேன். கோட்டை நேராக்கினேன். "பாருங்க, நேரா இருக்குதுங்களா?" என்றேன்.

டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. பிறகு, குனிந்தபடியே, "அக்கா, தூக்குக்குண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கே கட்டுவது என்று அவர் தேடவில்லை. நேராக ஜன்னல் பக்கம் போய், எட்டி அந்த ஆணியில் மாட்டிவிட்டார். குண்டு ஆடி ஆடி நின்றது.

"உங்களுக்கு எப்படிங்க அந்த ஆணி தெரியும்?"

டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மாசி மாசம் என்ற துப்பாக்கியத் திருப்பி வாங்க வந்தனுங்க. நீங்க சமையல்கட்டுல இருந்தீங்க. அண்ணா இங்க நூல் கட்டி, நீங்க பொருத்தி வெச்ச டெலஸ்கோப்பத் திருப்பிட்டு இருந்தாரு. என்னங்கண்ணான்னு கேட்டதுக்கு வாயில வெரல வெச்சாரு. அதுக்கப்பறம் ஒவ்வொரு துப்பாக்கியும் அப்படித்தானுங்க குடுத்தாரு. நீங்க முடிச்சு வெச்சதும் ஒருக்கா நூல் கட்டிப் பாப்பாரு."

"என்னத்துக்கு?"

"உங்க கண்ணுல என்னமோ ஆயிட்டு வருதுன்னாருங்க்கா. அவ கிட்டச் சொல்லீறாதீங்க டீச்சர், அந்தக் கண்ண நெனச்சுத்தான் அவ நிமிந்து நடக்கறா, நானே பக்குவமாச் சொல்லி ஆவணியில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

ஆவணியில்தான் அவர் போனார்.

"நீங்க ஏன் இத்தன நாள் சொல்லலீங்க?"

"எழவு வூட்டுல வந்து இதை எப்படிச் சொல்றதுங்க்கா? மூணு தடவையும் சொல்லோணும்னுதான் வந்தேன்."

நான் ஜன்னலைப் பார்த்தேன். நூல் வளைந்திருந்தது. நடுவில் வலது பக்கமாக வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. மலிவுத் தாள், மட்டமான லாட், மேடுபள்ளத் தெரு என்று எதன்மேல் வேண்டுமானாலும் பழியைப் போடலாம். கீழே குண்டு தொங்குகிற நூலின்மேல் போட முடியாது. அது வளையாது.

"நூல் எப்படி இருக்குதுங்க டீச்சர்?"

"நேரா இருக்குதுங்க்கா."

வலது கண்ணைப் பொத்தினேன். நேராக இருந்தது. இடது கண்ணைப் பொத்தினேன். வளைந்தது. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். டீச்சர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இதை எழுதிவிடுகிறேன். எனக்கு இது இன்றைக்குத் தெரிந்தது இல்லை. பங்குனியிலேயே குளியலறை ஓடுகளின் கோடு நெளிந்தது. அப்போதே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். அதற்கப்புறம் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். பயம். அவ்வளவுதான். கண் போனால் இந்தப் பட்டறையில் எனக்கு என்ன வேலை?

டிசம்பர் 3, ஞாயிறு

நூல் இன்னும் தொங்குகிறது. அவிழ்க்கவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

ஏழு மணிக்கு இந்துமதி கூப்பிட்டாள்.

"நல்லாருக்கியாம்மா?"

"இல்ல சாமி."

கண்ணைப் பற்றி நான் சொன்னேன். சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

டிசம்பர் 6, புதன்

இந்துமதி நேற்றே பஸ் பிடித்து வந்துவிட்டாள். இன்று ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரம்மா. கட்டம் போட்ட தாளைக் காட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். வலது கண்ணுக்குக் கட்டங்கள் நசுங்கித் தெரிந்தன. நடுவில் புள்ளியே இல்லை. விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறதாம்.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"மார்ச்சு மாசத்துல இருந்துங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பவே வந்திருந்தா நெறைய மிச்சம் பண்ணியிருக்கலாம்மா. இப்போ ஊசி போட்டு இருக்கறதக் காப்பாத்திப் பாக்கலாம். போனது வராது. இடது கண்ண விடாமப் பாத்துக்கணும்." மாதம் ஒரு ஊசி. முதல் ஊசியை இன்றே கண்ணில் போட்டார்கள். வலிக்கவில்லை. ஏதோ ஒன்று அழுத்தியது.

ஆட்டோவில் வரும்போது இந்துமதி வெடித்துவிட்டாள். "ஏம்மா சொல்லல? தெனமும் போன்ல நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னியே, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

வார்த்தைக்கு வார்த்தை நான் அவரைக் கேட்டது. இந்த வீட்டில் திட்டுவதற்கு எங்களுக்கு வேறு வாக்கியம் தெரியாது போலிருக்கிறது.

நான் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். அவரும் உயிரோடு இருந்து நான் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால், இப்படித்தான் ஆடு திருடியவர் மாதிரி முழித்துக்கொண்டு நின்றிருப்பார். என் கண்ணைப் பார்த்தவர் என்னிடம் சொல்லவில்லை. தன் நெஞ்சைப் பற்றியும் சொல்லவில்லை. நான் இரண்டையும் பார்க்கவில்லை. ஒரே பட்டறையில், ஒரே மேசையில், எதிரும் புதிருமாக உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

மாத்திரை அட்டைகளை இந்துமதியிடம் காட்டினேன். பதினோரு அட்டையையும் மடியில் பரப்பி, காலிக் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

டிசம்பர் 7, வியாழன்

காலையிலிருந்து போன். அக்டோபர் முப்பதிலிருந்து நான் பொருத்திக் கொடுத்த எல்லோரிடமும் பேசினேன். இந்துமதி நம்பரைப் போட்டுக் கொடுத்தாள்.

"நான் பொருத்துனது கோணலுங்க. டெலஸ்கோப்பு மேல தப்பில்ல, மவுண்டு மேலயும் தப்பில்ல. என்ற கண்ணு கெட்டுப்போச்சு. கொண்டாங்க, சரி பண்ணித் தர்றேன்."

முதல் ஆளிடம் இதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பொள்ளாச்சிக்காரர், "கண்ணு கெட்டுப்போச்சுங்கறீங்க, அப்பறம் எப்படிங்க சரி பண்ணுவீங்க?" என்றார். நியாயமான கேள்வி.

"நூல் கட்டிப் பண்ணுவனுங்க" என்றேன்.

"அப்பச் சரி, நாளைக்கழிச்சு வர்றேன்" என்றார்.

டிசம்பர் 8, வெள்ளி

டீச்சர் துப்பாக்கி. வைஸில் பிடித்தேன். ரசமட்டத்தின் குமிழை இடது கண்ணால் பார்த்து நடுவில் நிறுத்தினேன். பின்னால் ஜன்னலில் நூல். வளையங்களைத் தளர்த்தி, இடது கண்ணை வைத்து, பிளஸ் கோட்டைத் திருப்பித் திருப்பி நூலின்மேல் உட்காரவைத்தேன். பழக்கமில்லாத கண், நீர் வடிந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. முன்பு ஒரு நிமிட வேலை.

முடுக்கிய பிறகு சும்மா இருக்க முடியாமல் வலது கண்ணையும் வைத்துப் பார்த்தேன். நூல் வளைந்தது. கோடும் அதே இடத்தில், அதே அளவுக்கு வளைந்தது. ஒன்றை விட்டு ஒன்று விலகவில்லை.

அப்படியானால் இந்தக் கெட்ட கண்ணை வைத்துக்கொண்டே நான் சரியாகப் பொருத்தியிருக்கலாம். நூல் மட்டும் கட்டியிருந்தால் போதும். கொத்தனார் வேலை என்று நான் சிரித்தது அவருக்குத் தெரியும். அதனால்தான் நான் சமையல்கட்டுக்குப் போகும்வரை காத்திருந்து கட்டியிருக்கிறார்.

டீச்சர் சாயங்காலம் வாங்கிக்கொண்டார். "கன்னத்தப் பத்திச் சொன்னதுக்கு மன்னிச்சுக்குங்க டீச்சர்" என்றேன். "அதைய நான் அப்பவே மறந்துட்டனுங்க்கா" என்றார். மறந்திருக்கமாட்டார்.

டிசம்பர் 10, ஞாயிறு

மத்தியானம் டீச்சர் போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல்.

"மூணாவதுங்க்கா! மூணு வாரம் பழக்கம் போச்சு, அதனாலதான். ஆனா வலது பக்கம் ஒண்ணுகூட ஒதுங்கல. எல்லாம் நடுவுல."

என்னால் அவருக்கு முதலிடம் போயிருக்கலாம். அதைச் சொன்னேன். "அடுத்த வருசம் பாக்கலாமுங்க, நூல மட்டும் அவுத்துறாதீங்க" என்றார்.

சாப்பிட்டுவிட்டு டைரியை முதலிலிருந்து புரட்டினேன், இடது கண்ணால். ஜனவரியில் து. போட்ட வரிகளுக்கு டிக் இல்லை. முதல் டிக் பிப்ரவரி பதினெட்டு. அதற்கப்புறம் ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. நாற்பத்தேழு துப்பாக்கி. நாற்பத்தேழு தடவை நூலை மாட்டி, திருப்பி, அவிழ்த்து, நான் வருவதற்குள் இழுப்பறையில் ஒளித்துவைத்திருக்கிறார். மாத்திரையையும் அங்கேயே போட்டு விழுங்கியிருப்பார்.

செப்டம்பர் பதினொன்று. "ரெஜினா டீச்சர். டெலஸ்கோப் பின்னால் நகர்கிறது. து." பக்கத்தில் ஒன்றும் இல்லை.

அவருடைய பென்சிலை எடுத்து அங்கே ஒரு டிக் போட்டேன். அவருடையதைவிடப் பெரிதாகப் போய்விட்டது. பிறகு அழுதேன். இந்துமதி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். நிறுத்த முடியவில்லை. மூன்று மாதத்தில் இன்றுதான். அழுவதற்கு இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கின்றன.